குடப்பனக்குன்றிலிருந்து செய்திகள்

திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நிலையத்தில் டி. ஹேமலதா செய்தி வாசித்த காலம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். 1985 ஜனவரி 1 அன்று அந்த நிலையம் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. மறுநாள் மாலை, முதல் மலையாளச் செய்தி அறிக்கையை ஜி.ஆர். கண்ணன் வாசித்தார். தொடக்க நாட்களிலேயே அதே இருக்கையில் வந்து அமர்ந்த இளம்பெண் ஹேமலதா. உடன் பணியாற்றிய கண்ணனைப் பின்னர் அவர் மணந்துகொண்டார். மலையாளத் தொலைக்காட்சியின் முதல் செய்திக் குரல்கள் இரண்டும் இப்படி ஒரே வீட்டில் சேர்ந்தன. 1985-இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள், 2024 முடியும்போது ஹேமலதா பணி ஓய்வு பெற்றதைப் பார்த்தபோது ஐம்பது வயதை நெருங்கியிருந்தார்கள். அந்த இடைவெளியில் கேரளத்தில் எத்தனையோ ஆட்சிகள் மாறின. தொலைக்காட்சிப் பெட்டி தட்டையானது, ஆன்டெனா போய் டிஷ் வந்தது, டிஷ் போய்க் கைப்பேசி வந்தது. செய்தி வாசிப்பவர் மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் ஒரு மாநில மொழிச் செய்தியை ஒருவரே இத்தனை காலம் வாசிப்பது அரிது. உலக அளவில் ஒப்பிடப் பிரான்ஸ் நாட்டைச் சொல்லலாம். அங்கே டி.எஃப்.1 தொலைக்காட்சியின் மதியம் ஒரு மணிச் செய்தியை ழான் பியேர் பெர்னோ 1988 பிப்ரவரி முதல் 2020 டிசம்பர் வரை ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகள் வழங்கினார். பிரான்சின் கிராமத்துப் பாட்டிகள் அவரைப் பார்த்துக்கொண்டே மதிய உணவு உண்டார்கள் என்று சொல்வதுண்டு. அவரும் ஹேமலதாவும் செய்தது பெயரளவில் ஒரே வேலை. உள்ளடக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

மலையாளிகளுக்குச் செய்தியைக் காதால் கேட்கும் பழக்கம் தொலைக்காட்சிக்கு நெடுநாள் முன்பே ஏற்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் தனக்கென ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. சித்திரைத் திருநாள் மகாராஜா அதைத் திறந்துவைத்தார். சமஸ்தானம் இந்தியாவில் இணைந்த பிறகு, 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் நிலையமாயிற்று. தில்லியிலிருந்து தேசியச் செய்திகளும் திருவனந்தபுரம், கோழிக்கோடு நிலையங்களிலிருந்து மாநிலச் செய்திகளும் மலையாளத்தில் வந்தன. தில்லியில் வாசித்த கோபனின் கனத்த குரலை மலையாளிகள் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். பின்னாளில் திரையரங்குகளில் ஓடிய புகைபிடித்தலுக்கு எதிரான விளம்பரத்தின் மலையாளக் குரலும் அவருடையதே. 2021-இல் அவர் மறைந்தார். திருவனந்தபுரத்தில் எம். ராமச்சந்திரன் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வாசித்த சுவையான செய்தித் தொகுப்புக்காகவே டீக்கடை ரேடியோவின் ஒலி கூட்டி வைக்கப்பட்டது. கதை சொல்வதுபோல் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பது அவர் பாணி. 2024 அக்டோபரில், 91 வயதில் அவர் காலமானார்.

தமிழ் வாசகர்களுக்கு இதே இடத்தில் நினைவுக்கு வருபவர் தில்லியிலிருந்து வாசித்த சரோஜ் நாராயணசுவாமி. ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது’ என்ற தொடருக்குப் பிறகு எந்தப் பெயர் வரப்போகிறது என்று காலையில் காத்திருந்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டிலும் உண்டு. பெயரைச் சொல்லிவிட்டுச் செய்தியைத் தொடங்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பி.பி.சி. வானொலியில் வாசிப்பாளர்கள் நெடுங்காலம் பெயரில்லாமலே வாசித்தார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்ட பிறகு, எதிரிகள் போலிச் செய்தி பரப்பினால் மக்கள் உண்மைக் குரலை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக 1940-இல் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். இந்தச் செய்தியை இந்தக் குரல்தான் சொல்கிறது, ஆகவே நம்பலாம் என்ற உறவு அங்கே உருவாயிற்று. செய்தி வாசிப்பாளர் என்ற தொழிலின் அடிப்படையே இந்த உறவுதான்.

தொலைக்காட்சி அந்தக் குரலுக்கு ஒரு முகத்தையும் கொடுத்தது. இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியது. 1965-இல் நாள்தோறும் ஒளிபரப்பு வந்தபோது ஐந்து நிமிடச் செய்தி அறிக்கையும் வந்தது. அதை வாசித்தவர் பிரதிமா புரி என்ற பெண். இதே காலத்தில் பிரிட்டனில் நிலைமை வேறு. 1960-இல் பி.பி.சி.யின் தேசியத் தொலைக்காட்சிச் செய்தியை வாசிக்க வந்த நான் விண்டன் என்ற பெண்மணி, பெண் வாசிப்பதைப் பார்வையாளர்கள் ஏற்கவில்லை என்று காரணம் காட்டப்பட்டுச் சில மாதங்களிலேயே நீக்கப்பட்டார். தொலைக்காட்சிக்குப் பிந்தி வந்த இந்தியா இந்த ஒன்றில் முந்திக்கொண்டது. திருவனந்தபுரத்திலும் ஹேமலதா முதல் நாட்களிலிருந்தே இருந்ததால், செய்தி வாசிப்பவர் பெண்ணா ஆணா என்ற கேள்வியே கேரளத்துப் பார்வையாளர்களுக்கு எழவில்லை.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே வந்துவிட்டது. கேரளம் மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி நாடெங்கும் டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்டபோதுதான் திருவனந்தபுரத்துக்குத் தொலைக்காட்சி கிட்டியது. அதுவும் தில்லி நிகழ்ச்சிகளின் மறு ஒளிபரப்பு. இந்தி தெரியாத வீடுகளில் காதோரம் ரோஜாப்பூ வைத்த சல்மா சுல்தானும், ஆங்கிலச் செய்தி வாசித்த கீதாஞ்சலி ஐயரும் பழகிய முகங்கள் ஆனார்கள். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொலையுண்ட செய்தியைச் சல்மா சுல்தான் வாசித்ததைக் கேரளமும் பார்த்தது. அடுத்த இரண்டு மாதங்களில் நகரின் வடபுறம் குடப்பனக்குன்றில் அமைந்த நிலையத்திலிருந்து மக்களின் சொந்த மொழியில் செய்தி வரத் தொடங்கியது. தொடக்கத்தில் டிரான்ஸ்மிட்டருக்கு எட்டிய தொலைவே அதன் எல்லை. தெற்கே களியக்காவிளையைத் தாண்டிய தமிழ் வீடுகள் சிலவற்றுக்கும் அது எட்டியது. சென்னைத் தொலைக்காட்சி கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்து சேராத அந்த நாட்களில், மாடியில் உயரக் கம்பம் நட்ட மார்த்தாண்டத்து, குழித்துறை வீடுகளுக்குக் கிடைத்த பக்கத்து ஒளிபரப்பு திருவனந்தபுரத்தினுடையது. மலையாளம் நன்கறிந்த அந்த ஊர்க்காரர்களுக்கு அது அயல் செய்தியாகத் தோன்றவில்லை. திருவனந்தபுரம் நகருக்குள்ளேயே சாலைக் கடைத்தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் அன்று முதல் மாலைச் செய்தியை மலையாளத்தில்தான் கேட்டுவருகிறார்கள்.

பத்து நிமிடச் செய்தி அறிக்கைக்குப் பின்னால் ஒரு நாள் முழுவதின் உழைப்பு உண்டு. 1980-களின் செய்தி அறையில் இது இன்னும் கடினம். பி.டி.ஐ., யு.என்.ஐ. நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகள் டெலிபிரிண்டரில் காகிதச் சுருளாக வந்து விழும். தில்லி வானொலிச் செய்தியும் மாநில அரசின் செய்திக் குறிப்புகளும் சேரும். செய்தி ஆசிரியர் எதை எடுப்பது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்வார். ஆங்கிலத்தில் இருப்பதை மலையாளத்தில் எழுதுவார்கள், பெரும்பாலும் கையால். அரசு ஒலிபரப்பில் வாசிப்பாளருடைய பணியிடத்திலேயே மொழிபெயர்ப்பும் சேர்ந்திருக்கும். அவர் வந்து அமர்ந்து வாசித்துவிட்டுப் போகிற விருந்தாளி அல்லர். தேர்விலும் குரல், கேமரா முன்னான தோற்றம் இவற்றோடு ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிக்கு விரைவாகப் பெயர்க்கும் திறனும் சோதிக்கப்படும். முன்பின் பார்க்காத பத்தியொன்றை உடனே வாசிக்கச் சொல்வார்கள். படித்துப் பார்த்து வாசிப்பது எளிது. கண் ஒரு வரி முன்னே ஓட, வாய் ஒரு வரி பின்னே வருவது பயிற்சியால் மட்டுமே கைகூடும்.

செய்தி நேரலையில் போகும். டெலிபிராம்ப்டர் என்ற கருவி கேமராவின் கண்ணாடியிலேயே எழுத்துகளை ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால், வாசிப்பாளரின் கையில் காகிதங்கள்தான் இருந்தன. வரியின் பாதியை மனத்தில் ஏற்றிக்கொண்டு தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சொல்லி, வரி அறுந்துபோகாமல் மீண்டும் காகிதத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதத்தைப் புரட்டும் ஓசை மைக்கில் விழக் கூடாது. அறிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே புதிய செய்தி எழுதிய தாள் ஒன்று மேசைக்கு வரும். அதில் அடித்தல் திருத்தல் இருக்கும். ஊர்ப்பெயர் சரியாகத் தெரியாது. அந்தத் தாளைப் பார்வையாளர் அறியாதபடி எடுத்து, முன்பே பல முறை வாசித்த செய்தி போல வாசிப்பவரே தேர்ந்த வாசிப்பாளர். கால அளவும் கண்டிப்பானது. காட்சிப் பதிவு வராமல் போனால் இழுக்க வேண்டும், மிகுந்தால் சுருக்க வேண்டும். கடைசி அரை நிமிடத்தில் தலைப்புச் செய்திகளை மறுபடி சொல்லி, வணக்கம் சொல்லும்போது கடிகார முள் சரியான இடத்தில் நிற்க வேண்டும். தளத்தில் நிற்கும் உதவியாளர் விரல்களால் காட்டும் எண்ணிக்கையை ஓரக்கண்ணால் பார்த்தபடியே, முகம் கலையாமல் இவ்வளவையும் செய்தாக வேண்டும்.

இதில் மலையாளம் தனியாக ஒரு சுமையைச் சேர்க்கிறது. சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நீளும் மொழி அது. செய்தி மலையாளமோ வடமொழிச் சொற்கள் நிறைந்தது. மூச்சை எங்கே நிறுத்துவது என்று முன்னதாகத் தீர்மானிக்காவிட்டால் சொல் நடுவில் முறிந்து பொருள் கெடும். தமிழ்ச் செய்தி வாசிப்பாளருக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்றாலும் மலையாளத்தில் அது கூடுதல். ழகரம் இரு மொழிகளுக்கும் பொது. அதைத் தவறவிட்டால் எங்கும் மன்னிப்பு கிடையாது. திருவனந்தபுரத்துப் பேச்சு, திருச்சூர்ப் பேச்சு, மலபார்ப் பேச்சு என்று கேரளத்தின் வட்டார வழக்குகள் வெகுவாக வேறுபடுகின்றன. காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை எல்லோரும் நம்முடைய மொழி என்று கேட்க வேண்டுமானால், வாசிப்பாளரின் பேச்சில் எந்த ஊரின் சாயலும் தெரியக் கூடாது. அதே சமயம் புத்தகத்தை ஒப்பிக்கும் விறைப்பும் வரக் கூடாது. ஹேமலதாவின் வாசிப்பு இந்த நடுவழியில்தான் நடந்தது. அவசரமில்லாத வேகமும் ஒவ்வொரு எழுத்தும் விழும் தெளிவும் அதன் அடையாளங்கள்.

கேட்பவர்களும் சாமானியர்கள் அல்லர். கேரளத்தில் காலையில் நாளிதழ் படிக்காத வீடு அரிது. கோழிக்கோட்டில் 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்துக்கொண்ட மண் அது. ஓர் ஆப்பிரிக்கத் தலைவரின் பெயரையோ, ரஷ்ய நகரின் பெயரையோ வாசிப்பாளர் தவறாக உச்சரித்தால், மறுநாள் பத்திரிகையோடு ஒப்பிட்டுக் கடிதம் எழுதக்கூடிய பார்வையாளர்கள் அங்கே இருந்தார்கள். சோவியத் யூனியன் உடைந்த நாட்களிலும் வளைகுடாப் போர் நடந்த நாட்களிலும் அந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்வது பண்டிதத்தனம் அல்ல. குவைத்திலும் ஈராக்கிலும் மகனோ கணவனோ இருந்த வீடுகள் ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் செவி கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தன.

மாலைச் செய்தியின் மதிப்பு என்னவென்று அறிய 1988 ஜூலை 8-ஐ எண்ணிப் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கொல்லம் அருகே பெருமண் பாலத்தில் தடம் புரண்டு அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். தனியார் தொலைக்காட்சி கிடையாது, கைப்பேசி கிடையாது, பல வீடுகளில் தொலைபேசியும் கிடையாது. உறவினரை எதிர்பார்த்து இருந்தவர்களுக்கு வானொலியும் தூர்தர்ஷனும் தவிர உடனடி வழி வேறில்லை. அத்தகைய ஓர் அறிக்கையை வாசிப்பவர் எண்ணிக்கையை ஒரு முறை தவறாகச் சொன்னால் அதன் விளைவு நூற்றுக்கணக்கான வீடுகளில் தெரியும். குரல் உடைந்தால் பீதி பரவும், உணர்ச்சியே இல்லாவிட்டால் கல்மனம் என்று தோன்றும். துயரத்தை அறிந்த குரலில், துயரத்தைக் காட்டிக்கொள்ளாமல் சொல்வது இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி. நாற்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட மாலைகள் பல வந்தன: 2004 டிசம்பர் ஆழிப்பேரலை, 2017 இறுதியில் திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்களைக் கொண்டுபோன ஒக்கிப் புயல், 2018 ஆகஸ்ட் பெருவெள்ளம், 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் உறுதியான இந்தியாவின் முதல் கோவிட் தொற்று, 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டு நிலச்சரிவு.

தோற்றமும் வேலையின் ஒரு பகுதியே. தூர்தர்ஷன் வாசிப்பாளர் என்றால் அடக்கமான புடவை, அளவான ஒப்பனை, நேராக அமர்ந்த நிலை என்று ஒரு மரபு உருவானது. பார்வையாளர்கள் புடவையைக் கவனித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சென்னையில் ஷோபனா ரவியின் உடையும் உச்சரிப்பும் தமிழ்நாட்டில் பேசப்பட்டன. தில்லி வாசிப்பாளர்களின் தலையலங்காரத்தை நாடே பார்த்தது. ஆனால் பேச்சு புடவையோடு நின்றால் செய்தி தவறிப்போகும். பி.பி.சி. 1955 வரை வாசிப்பாளர்களின் முகத்தையே காட்டாமல் இருந்ததும் முகம் செய்தியைவிடப் பெரிதாகிவிடும் என்ற அச்சத்தால்தான். தூர்தர்ஷன் முகத்தைக் காட்டியது, ஆனால் அந்த முகத்தில் கருத்து எதுவும் தெரியக் கூடாது என்று பயிற்றுவித்தது. ஒரு கட்சியின் வெற்றியைச் சொல்லும்போது புருவம் உயர்ந்தாலும் அது செய்தியாகிவிடும். இடது முன்னணியும் ஐக்கிய முன்னணியும் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில், இரு தரப்பு வீடுகளும் ஒரே வாசிப்பாளரை ஏற்றுக்கொண்டன என்பது சாதாரணமாகக் கிடைக்கும் மரியாதை அல்ல.

இந்த இடத்தில்தான் பிரான்சின் பெர்னோவுக்கும் திருவனந்தபுரத்து வாசிப்பாளருக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. பெர்னோ பத்திரிகையாளர். தன் செய்தி அறிக்கையில் எது வர வேண்டும், எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில் அவருடைய சொல்லே முடிவு. பாரிஸ் அரசியலைக் குறைத்து, கிராமச் சந்தைகளையும் கைவினைஞர்களையும் மாகாணத்து வாழ்க்கையையும் முன்னால் கொண்டுவந்தார். மாகாணச் செய்தியாளர்களின் வலைப்பின்னலைப் பயன்படுத்தி அந்த மதிய நேரத்தைத் தன் பார்வையின் வடிவமாகவே ஆக்கினார். அதற்காகப் போற்றப்பட்டார், அதற்காகவே விமர்சிக்கவும் பட்டார். 2022 மார்ச்சில் அவர் மறைந்தபோது பிரான்சின் சிற்றூர்கள் துக்கம் கொண்டாடியதற்கும் அதுவே காரணம். தூர்தர்ஷன் வாசிப்பாளருக்கு இந்த உரிமை இல்லை. செய்தியை முடிவு செய்பவர்கள் செய்திப் பிரிவின் அதிகாரிகள். 1997-இல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு வந்த பிறகும், செய்திப் பிரிவு பெரும்பாலும் மத்திய அரசின் தகவல் பணி அதிகாரிகளின் பொறுப்பிலேயே இருந்துவருகிறது. அமைச்சர் நாடா வெட்டியது முதல் செய்தியாகவும் ஊர் மக்களின் போராட்டம் கடைசிச் செய்தியாகவும் வந்ததுண்டு. இந்தக் குறை உண்மையானது. அரசின் குரல் என்ற பழியில் ஒரு பங்கு, எழுதாதவற்றுக்காகவும் வாசிப்பாளரின் முகத்தின் மேல் விழுந்தது. அப்படியிருந்தும் மக்கள் ஹேமலதாவையும் கண்ணனையும் ராஜேஸ்வரி மோகனையும் போன்ற வாசிப்பாளர்களை அரசோடு சேர்த்து வெறுக்கவில்லை. அவர்கள் வாசித்தது முழு உண்மை அல்லாத நாளிலும், வாசித்தவற்றை மிகைப்படுத்தாமல், திரிக்காமல், கூச்சலிடாமல் வாசித்தார்கள். அந்த நேர்மையைப் பார்வையாளர்கள் பிரித்து அறிந்திருந்தார்கள்.

போட்டி வந்தது 1993-இல். அந்தப் போட்டியைக் கொண்டுவந்தவரே முன்னாள் தூர்தர்ஷன் வாசிப்பாளர். தில்லியில் ஆங்கிலச் செய்தி வாசித்துப் புகழ்பெற்ற சசிகுமார், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஏஷியாநெட் தொலைக்காட்சியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரியை உருவாக்கியவரும் அவரே. இந்திய மண்ணிலிருந்து தனியார் செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சி அனுப்ப அன்று அனுமதி இல்லை. அதனால் 1995-இல் ஏஷியாநெட் தன் நேரலைச் செய்தியைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் சூபிக் விரிகுடாவிலிருந்து ஒளிபரப்பியது. திருவனந்தபுரத்துச் செய்திகளைப் பெற்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் அமர்ந்து ஓர் இளைஞர் குழு மலையாளிகளுக்கு வாசித்தது. பிரமோத் ராமன் அங்கிருந்து வாசித்தார். கேரளத்து ஊடக வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான முயற்சி குறைவு.

அதற்குப் பின் வேகம் கூடியது. 1998-இல் சூரியா, 2000-இல் கைரளி, 2003-இல் முழுநேரச் செய்தித் தொலைக்காட்சியான இந்தியாவிஷன் என்று வரிசையாக வந்தன. இரவு எட்டு மணி, ஒன்பது மணி விவாதங்கள் கேரளத்து வீடுகளின் வழக்கமாயின. செய்தி வாசிப்பாளர் என்பவர் கேள்வி கேட்பவராக, குறுக்கே பேசுபவராக, சில நேரம் தீர்ப்பளிப்பவராகவும் மாறினார். அரசியல்வாதிகளைப் பதில் சொல்ல வைத்ததில் அந்த மாற்றத்துக்கு நியாயம் உண்டு. தூர்தர்ஷன் செய்யத் தவறியதை அது செய்தது. ஆனால் நாள் முழுவதும் நிகழ்ந்ததை வரிசையாக, முழுமையாக, பதினைந்து நிமிடத்துக்குள் தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு விவாதம் உதவவில்லை. அவர்கள் குடப்பனக்குன்றுக்கே திரும்பி வந்தார்கள். முதியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கேபிள் கட்டணம் கொடுக்காத மலைக்கிராமத்து வீடுகளும் அவர்களில் அடக்கம். ஹேமலதா தனியார் தொலைக்காட்சிக்குப் போகவில்லை. தன் பாணியை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

நிலைத்திருக்க முடிந்ததற்கு நிரந்தரப் பணியும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிரந்தர வாசிப்பாளர் இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலான அறிக்கைகளை வாசிப்பவர்கள் தேர்வு நடத்திப் பட்டியலில் சேர்க்கப்பட்ட தற்காலிக வாசிப்பாளர்கள். மாதத்துக்குச் சில நாட்கள்தான் அவர்களுக்கு வேலை. வேலை செய்த நாளுக்கு மட்டுமே ஊதியம், ஓய்வூதியம் கிடையாது. ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் வங்கி ஊழியர்களும் இல்லத்தரசிகளும் மாலையில் ஒப்பனை அறைக்கு வந்து, முகம் தெரிந்த மனிதர்களாகி, மறுநாள் தங்கள் பேருந்துக்கு நின்றார்கள். தமிழ் வானொலிச் செய்திகளின் கதையும் இதுவே. நிரந்தர இடங்கள் காலியாகும்போது நிரப்பப்படாமல் போனதால், ஹேமலதாவைப் போல ஒரே நிலையத்தில் இளமையில் நுழைந்து பணி ஓய்வு வரை வாசிக்கும் வாழ்க்கை அடுத்த தலைமுறைக்கு வாய்ப்பது அரிது. அனுபவம் சேர்ந்து முதிரும் குரல் வேண்டுமென்றால் அதற்கு ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும். குரல் தானாக நாற்பது ஆண்டுகள் நிற்காது.

கருவிகள் மாறியதும் வேலையின் இயல்பை மாற்றியது. கையெழுத்துத் தாள்களின் இடத்தில் கணினி வந்தது. டெலிபிராம்ப்டர் வந்ததும் குனிந்து நிமிரும் அவசியம் போயிற்று. பார்வை நேராயிற்று, ஆனால் எழுத்துகள் திரையில் தோன்றும் வரை என்ன வரப்போகிறது என்று தெரியாத புதிய பதற்றமும் சேர்ந்தது. 1994-இல் திருவனந்தபுரத்து நிகழ்ச்சிகள் செயற்கைக்கோள் வழியே தனி மலையாள அலைவரிசையாக விரிந்தபோது, டிரான்ஸ்மிட்டருக்கு எட்டாத இடங்களிலும் அதே முகம் தெரிந்தது. பிறகு யூடியூபில் அறிக்கைகள் பதிவேறின. தொடக்க ஆண்டுகளின் அறிக்கைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீடியோ டேப் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், ஒளிபரப்பு நிலையங்கள் பழைய பதிவை அழித்து அதே டேப்பில் புதியதைப் பதிவது நடைமுறை. பெரும் செலவில் எடுத்த நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளுமே தப்பின, அன்றாடச் செய்தியைக் காக்க வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. ஒரு சமூகத்தின் நாற்பதாண்டு நாட்குறிப்பில் முதல் பக்கங்கள் இப்படித்தான் தொலைந்தன. இது பெரிய இழப்பு.

2024 மே மாதம் தூர்தர்ஷனின் உழவர் அலைவரிசை, கணினி உருவாக்கிய இரண்டு வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தியது. க்ரிஷ், பூமி என்று அவற்றுக்குப் பெயர். ஐம்பது மொழிகளில் ஓய்வின்றி வாசிக்கும் என்று அறிவித்தார்கள். வானிலை, சந்தை விலை போன்றவற்றுக்கு அவை பயன்படலாம். நேரலையில் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேரும் தாளில் ஊர்ப்பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, அந்த ஊரை அறிந்த ஒருவர் அங்கேயே திருத்தி வாசிப்பது வேறு வகை வேலை. நாற்பது ஆண்டுகள் ஒரே மாநிலத்தின் பெயர்களை வாசித்தவர்களுக்கு ஊராட்சிகளும் ஆறுகளும் குடும்பப் பெயர்களும் நாவில் பழகியிருக்கும்.

அதே ஆண்டின் முடிவில் ஹேமலதாவின் பணிக்காலம் நிறைவுற்றது. தன் கடைசி அறிக்கையின்போது, தான் ஓய்வு பெறுவதை அவரே பார்வையாளர்களிடம் சொல்லி விடைபெற்றார். அதுவரை தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வாசித்தவர் தன்னைப் பற்றிச் சொன்ன செய்தி அது ஒன்றே. அந்தக் காட்சி கைப்பேசிகளில் வேகமாகப் பரவியது. தூர்தர்ஷனைப் பார்த்து வருடங்கள் ஆனவர்களும் அதைப் பகிர்ந்தார்கள், தங்கள் வீட்டு முதல் தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியும், அதற்கு முன்னால் கூடியிருந்த அக்கம்பக்கத்தாரைப் பற்றியும், அவரைப் போலவே வாசித்துப் பழகிய பள்ளி நாட்களைப் பற்றியும் எழுதினார்கள்.